திரையில் தெரியும் எண்ணை ஏன் நம்பக் கூடாது?

"அன்புள்ள நுகர்வோரே, கடந்த மாத மின்கட்டணம் பதிவாகவில்லை. இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும். உடனே எங்கள் அதிகாரியைத் தொடர்புகொள்ளவும்." கீழே ஒரு பத்து இலக்க எண். சில ஆண்டுகளுக்கு முன் நாடு முழுக்கச் சுற்றிய இந்தக் குறுஞ்செய்தி தமிழ்நாட்டிலும் ஏராளமானவர்களுக்கு வந்தது. இது மோசடி என்று மின்வாரியமே எச்சரித்தது. அப்படியும் பலர் பணத்தை இழந்தார்கள்.

அந்தச் செய்தியை நிதானமாகப் படித்தால் ஓட்டை தெரியும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ஈ.பி. பில். 'கடந்த மாத பில்' என்ற ஒன்றே நமக்குக் கிடையாது. மாதாமாதம் பில் வரும் மாநிலங்களுக்காக எழுதியதை அப்படியே இங்கும் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் 9.30 என்ற நேரத்தை யோசித்துத்தான் வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஈ.பி. ஆபீசுக்குப் போய் விசாரிக்க முடியாது. ராத்திரி ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பதற்றத்தில், செய்தியில் இருக்கும் எண்ணுக்கே போன் போடுவோம்.

மறுமுனையில் மரியாதையாகப் பேசுவார்கள். "பத்து ரூபாய் மட்டும் கட்டி அப்டேட் பண்ணிடுங்க சார், அதுக்கு இந்த ஆப்பை இறக்கிக்கோங்க" என்பார்கள். அந்த ஆப், உங்கள் போன் திரையை அவர்கள் திரையில் காட்டும். நீங்கள் தட்டும் கார்டு விவரங்கள், மேலே எட்டிப்பார்க்கும் ஓடிபி எல்லாம் அவர்கள் கண்முன்னே ஓடும். வங்கியின் பூட்டை யாரும் உடைக்கவில்லை, உங்கள் கையாலேயே திறக்க வைத்தார்கள். ஏறக்குறைய எல்லா போன் மோசடியும் இப்படித்தான் நடக்கிறது. அதனால்தான் 'பேசுவது யார்' என்ற கேள்விக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

அதற்கு நாம் முதலில் பார்ப்பது திரையில் தெரியும் எண்ணை. அது எங்கிருந்து வருகிறது? தொலைபேசி நிலையங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் எஸ்எஸ்7 என்ற முறை 1970களில் உருவானது. அப்போது பெரும்பாலான நாடுகளில் ஒன்றிரண்டு தொலைபேசி நிறுவனங்கள்தாம் இருந்தன, பெரும்பாலும் அரசு நிறுவனங்கள். ஒன்றை ஒன்று சந்தேகிக்கத் தேவை இருக்கவில்லை. அழைப்பு கிளம்பும் இடத்தில் 'அழைப்பவர் எண்' என்ற கட்டத்தில் எதை நிரப்புகிறார்களோ, அதையே மறுமுனை அப்படியே காட்டும். தபால் உறையில் 'அனுப்புநர்' என்று எழுதுகிற மாதிரிதான் இது. அந்த விலாசம் உண்மையா என்று தபால்காரர் சோதிப்பதில்லை. இணையம் வழியாக அழைக்கும் மென்பொருளும் கண்டும் காணாமல் விடும் ஒரு இணைப்பு நிறுவனமும் கிடைத்தால், இன்று அந்தக் கட்டத்தில் எந்த எண்ணையும் நிரப்பலாம். காவல் நிலைய எண்ணைக்கூட.

வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு +91 எண்ணைக் காட்டிய கும்பல்களைத் தடுக்க, 2024 அக்டோபர் 22 அன்று இந்திய அரசு ஒரு தடுப்பு அமைப்பைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் சுமார் 1.35 கோடி போலி அழைப்புகள் தடுக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. பெரிய வேலைதான். ஆனால் இன்னொரு வழி இருக்கிறது. சிம் பாக்ஸ் என்ற கருவியில் ஏராளமான உள்ளூர் சிம்களைச் செருகி ஏதோ ஒரு வாடகை வீட்டில் வைத்துவிடுகிறார்கள். அழைப்பு வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக அந்தக் கருவிக்கு வந்து, அங்கிருந்து சாதாரண செல்போன் அழைப்பாக வெளியே போகிறது. எண் அசல், பேசுகிற ஆள்தான் போலி. அமெரிக்காவில் 2021 ஜூன் முதல் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் அழைப்புகளுக்கு டிஜிட்டல் கையொப்பம் இட வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்தக் கையொப்பமும் எண்ணுக்குத்தான் உத்தரவாதம், பேசுகிறவரின் நோக்கத்துக்கு அல்ல.

குறுஞ்செய்தியில் நமக்குக் கொஞ்சம் பிடி கிடைக்கிறது. இந்தியாவில் நிறுவனங்கள் பதிவு செய்த பெயரில்தான் செய்தி அனுப்ப முடியும். 2025 முதல் பெயரின் கடைசியில் ஒரு எழுத்தும் வருகிறது: பணப் பரிவர்த்தனைக்கு டி, சேவைக்கு எஸ், விளம்பரத்துக்கு பி, அரசுக்கு ஜி. ஆகவே 'வங்கி' என்று சொல்லிக்கொண்டு பத்து இலக்க எண்ணிலிருந்து செய்தி வந்தால், படிக்காமலே அழிக்கலாம்.

அப்படியானால் பெயரோடு வருவதை நம்பலாமா? அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2ஜி வலையமைப்பில் போன்தான் தன்னை டவரிடம் நிரூபிக்க வேண்டும், டவர் தன்னைப் போனிடம் நிரூபிக்க வேண்டியதில்லை. இதைப் பயன்படுத்தி, காரில் வைத்துக்கொண்டு சுற்றக்கூடிய போலி டவர்கள் வந்துவிட்டன. பக்கத்தில் இருக்கும் போன்களை 2ஜிக்கு இறக்கி, எந்தப் பெயரிலும் செய்தியைத் திணிக்கின்றன. உங்கள் போனும் அதை, வங்கி நிஜமாகவே அனுப்பிய பழைய செய்திகளுக்குக் கீழேயே அடுக்கிவைக்கும். லண்டனிலும் பாங்காக்கிலும் இந்தக் கருவிகளோடு ஆட்கள் பிடிபட்டிருக்கிறார்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் சிம் அமைப்புக்குள் போய் 2ஜியை நிறுத்திவைக்கலாம். உங்கள் பகுதியில் 4ஜி நன்றாகக் கிடைத்தால் நிறுத்திவிடுங்கள்.

மின்னஞ்சலில் தெரியும் பெயரை அனுப்புகிறவரே எழுதுகிறார், அதற்கு மதிப்பே இல்லை. அதில் வரும் இணைப்பின் (லிங்க்) முகவரியைப் பாருங்கள். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன் இருப்பதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 'ஏபிசி.பேங்க்.இன்.கேஒய்சி-அப்டேட்.காம்' என்று இருந்தால், அதன் சொந்தக்காரர் ஏபிசி வங்கி இல்லை, கேஒய்சி-அப்டேட்.காம் வைத்திருப்பவர். இந்திய வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள் '.பேங்க்.இன்' என்று, முன்னால் புள்ளியோடு முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கிகளுக்கு மட்டுமே அது கிடைக்கும் என்பதால் இந்த ஒரு அடையாளத்தை நம்பிப் பிடித்துக்கொள்ளலாம்.

சரி, போனில் என்ன செய்வது? உங்களைத் தேடி வந்த அழைப்பில் யாரையும் சரிபார்க்க முயல வேண்டாம். வைத்துவிட்டு, ஏடிஎம் கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே போடுங்கள். நீங்கள் சரியான எண்ணை அழுத்தினால் அழைப்பு அந்த எண்ணுக்குத்தான் போகும். வரும் அழைப்பில் பொய் எண்ணைக் காட்டுவது எளிது, நீங்கள் போடும் அழைப்பைத் திசைதிருப்புவது அவ்வளவு எளிதல்ல.

மோசடிக்காரர்களுக்கும் இது தெரியும். போனிலேயே உங்களைக் கைது செய்துவிட்டதாக நம்பவைக்கும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடியில், வீடியோ அழைப்பில் போலீஸ் உடையோடு வந்து, "போனை வைக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது" என்று மிரட்டுவது அதனால்தான். சட்டத்தில் அப்படி ஒரு கைதே இல்லை. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார். போனை வைக்கவிடாமல் தடுக்கிறவர் யாராக இருந்தாலும் முதலில் போனை வையுங்கள். வீட்டிலிருக்கும் பெரியவர்களிடம் இதைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அவமானத்துக்குப் பயந்து தனியாகத் தவிக்கிறவர்களைத்தான் இந்தக் கும்பல் அதிகம் சூறையாடுகிறது.

பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்றப் புகாருக்கான உதவி எண் 1930க்குப் போடுங்கள். திருடிய பணம் ஒரே கணக்கில் தங்காது. வாடகைக்கு எடுத்த கணக்குகளில் பிரிந்து பிரிந்து ஓடி, கடைசியில் ஏடிஎம்மில் ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ வெளியேறிவிடும். புகார் பதிவானதும் பணம் போன வங்கிக்குத் தகவல் போகும். அங்கே மீதி இருந்தால் முடக்குவார்கள், நகர்ந்திருந்தால் அடுத்த வங்கிக்குத் தகவல் தாவும். பணத்துக்கும் புகாருக்கும் நடக்கும் ஓட்டப்பந்தயம் இது. அழைக்கும்போது யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், தொகை, நேரம் மூன்றும் கையில் இருக்கட்டும்.