மரத்துக்கு உயிர் எங்கே இருக்கிறது?

பத்து வருஷத்துக்கு முன் ஒரு வேப்பமரத்தில் ஐந்தடி உயரத்தில் அடித்த ஆணி, மரம் இரண்டு மாடி உயரம் வளர்ந்த பிறகும் அதே ஐந்தடியில்தான் இருக்கும். மேலே ஏறியிருக்காது, உள்ளே புதைந்திருக்கும். மரம் எப்படி வளர்கிறது என்பதற்கு இந்த ஓர் ஆணியே போதுமான சாட்சி. உயரம் கூடுவது கொப்புகளின் நுனியில் மட்டும். பருமன் கூடுவது பட்டைக்கு அடியில் மட்டும். நடுவில் இருக்கும் கட்டை ஏற்கெனவே வளர்ந்து முடிந்த பாகம்.

ஒரு இளங்கொப்பின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மேல்தோல் போனதும் பச்சை தெரியும். இன்னும் கொஞ்சம் சுரண்டினால் வழுவழுவென்று ஈரமான ஒரு படலம் தட்டுப்படும். அதுதான் வளர்திசு. ஒரு தாளின் கனம்கூட இருக்காது. ஆனால் தூரிலிருந்து நுனி வரை மரத்தை முழுவதுமாகப் போர்த்தியிருப்பது அதுதான். தனக்கு உள்பக்கம் புதுக் கட்டையை வைக்கிறது, வெளிப்பக்கம் உள்பட்டையை வைக்கிறது. வேர் உறிஞ்சும் தண்ணீர் வெளிறிய இளங்கட்டை வழியாக மேலே போகிறது. இலை சமைக்கும் சர்க்கரை உள்பட்டை வழியாகக் கீழே வருகிறது. நடுவில் இருக்கும் வைரம், அதாவது முற்றி இறுகிய கட்டை, எடையைத் தாங்குவதற்கு மட்டுமே. உயிரோட்டம் அதில் இல்லை. அதனால்தான் நடு மரம் உளுத்து, ஆள் புகும் அளவுக்குப் பொந்து விழுந்த புளியமரமும் வருஷா வருஷம் காய்க்கிறது. அதே புளியில் நாலு விரல் அகலத்துக்குப் பட்டையை ஒரு சுற்று உரித்துவிட்டால் செத்துப்போகும்.

இந்த ஒரு சுற்றைத்தான் நாம் தெரியாமல் உரித்துக்கொண்டே இருக்கிறோம். சீரியல் விளக்குக்காகச் சுற்றிய கம்பி, கேபிள் ஒயர், பேனர் கட்டிய நைலான் கயிறு, கழற்ற மறந்த இரும்புக் கூண்டு எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. கம்பி அசையாது, மரம் பருக்கும். இரண்டு மூன்று வருஷத்தில் கம்பி பட்டைக்குள் இறங்கி உள்பட்டையை நெரிக்கும். சர்க்கரை கீழே இறங்க வழியில்லாமல் கம்பிக்கு மேலே தங்குவதால் அங்கே ஒரு புடைப்பு எழும். கீழே வேர் பட்டினி கிடக்கும். தண்ணீர் போகும் கட்டை உள்ளே பத்திரமாக இருப்பதால் இலை பல மாதங்கள், சில சமயம் ஓரிரு வருஷங்கள்கூடப் பச்சையாகவே இருக்கும். சேர்த்துவைத்த உணவு தீர்ந்து வேர் செத்த பிறகுதான் உச்சிக் கொப்பு காயத் தொடங்கும். அதற்குள் கம்பி கட்டியதே எல்லோருக்கும் மறந்திருக்கும். "என்னவோ நோய் விழுந்துவிட்டது" என்பார்கள்.

ஆணி விஷயத்தில் சரியாகச் சொல்ல வேண்டும். ஓர் ஆணி பெரிய மரத்தைக் கொல்லாது. இரும்பு மரத்துக்கு விஷமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு ஆணியும் காளானுக்கும் பூச்சிக்கும் திறந்துவைத்த வாசல். விளம்பரத் தட்டிகள் வருஷா வருஷம் மாறும்போது ஒரே மார்பளவு உயரத்தில் முப்பது நாற்பது துளைகள் சேர்ந்துவிடும். காயங்கள் பக்கவாட்டில் ஒன்றோடொன்று இணைந்தால் அதுவும் பட்டையை வளையமாக உரித்ததற்குச் சமம்தான். பிடுங்கும்போது பட்டைமேல் ஒரு பலகைத் துண்டை வைத்து, அதன்மேல் சுத்தியலின் கொக்கியை ஊன்றி நேராக இழுங்கள். பட்டை ஏற்கெனவே மூடிவிட்ட ஆணியைத் தோண்டி எடுக்காதீர்கள். ஆணி செய்த காயத்தைவிட உளி செய்யும் காயம் பெரிது.

மரத்தடியில் சருகைக் கூட்டி எரிப்பது இதைவிட மோசம். வளர்திசு சாக ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் சூடு போதும். பட்டை வெளியே கருகாமலே உள்ளே வெந்துவிடும். அடுத்த வருஷம் அந்தப் பக்கத்துப் பட்டை வெடித்துத் தானாகக் கழன்று விழும்போதுதான் தெரியும். டீக்கடை வாசலில் மரத்தின் தூரில் தினமும் கொட்டும் வெந்நீரும் இப்படித்தான் சல்லிவேர்களை வேகவைக்கிறது.

நம் உடம்பில் காயம்பட்டால் அதே இடத்தில் புதுச் சதை வளர்ந்து ஆறுகிறது. மரத்துக்கு அது கிடையாது. காயம்பட்ட கட்டை காயம்பட்டதாகவே கடைசிவரை உள்ளே இருக்கும். மரம் செய்வதெல்லாம் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அழுகல் பரவாமல் ஒதுக்கிவிட்டு, அதன்மேல் புதுக் கட்டையைப் போர்த்துவதுதான். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, 1977இல் இந்தச் சுவர்களை நான்காக வகைப்படுத்தினார். உலகம் முழுக்கக் கவாத்து செய்யும், அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்கும், முறையே அதற்குப் பிறகு மாறியது. வெட்டிய இடத்தில் தாரும் பெயின்ட்டும் பூசினால் அழுகாது என்ற நம்பிக்கை பொய்த்ததும் அவருடைய ஆய்வுகளில்தான். பூச்சுக்கு அடியில் ஈரம் தங்குவதுதான் மிச்சம். மரத்துக்கு உதவுவது சரியான இடத்தில் விழும் வெட்டு.

அந்தச் சரியான இடம் கண்ணுக்குத் தெரியும். கிளை தண்டிலிருந்து பிரியும் இடத்தில், சட்டைக் கழுத்துப்பட்டி மாதிரி ஒரு புடைப்பு சுற்றியிருக்கும். மேல்பக்கம் கவையில் பட்டை சுருங்கி ஒரு வரியாக ஓடும். சுவர் எழுப்பும் திறன் அந்தப் புடைப்புக்குள்தான் இருக்கிறது. வெட்டு அதற்குச் சற்று வெளியே விழ வேண்டும். "சுத்தமாக இருக்கட்டும்" என்று தண்டோடு சேர்த்து வழித்தால் புடைப்பும் போய், காயம் தண்டுக்குள்ளேயே இறங்கிவிடும். ஒரு முழம் விட்டு வெட்டினால் அந்தக் குச்சி செத்து, அழுகலைத் தண்டுக்குள் கூட்டிக்கொண்டு போகும்.

கனத்த கிளையை ஒரே வெட்டில் இறக்கக் கூடாது. தன் எடையில் சாயும்போது அடிப்பட்டையைத் தண்டு நெடுகக் கிழித்துக்கொண்டு போகும். தண்டிலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதலில் அறுங்கள். அதிலிருந்து இரண்டு விரல் வெளியே தள்ளி மேலிருந்து அறுத்தால் கிளை கிழியாமல் விழும். மிச்சமிருக்கும் ஓரடிக் கட்டையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, கழுத்துப் புடைப்புக்கு வெளியே மூன்றாவது அறுப்பு. ரம்பம்தான் வேண்டும், அரிவாள் வேண்டாம்.

மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று மரத்தை மொட்டையடிப்பதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு. இலை போனால் சமையலறை போனது மாதிரி. வேருக்கு உணவு இல்லை. மரம் பதறிப்போய்ப் பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகளை எழுப்பிக் கற்றை கற்றையாகத் துளிர்விடும். பார்க்கச் செழிப்பாகத் தெரியும். ஆனால் இயல்பாக வளர்ந்த கிளை தண்டின் உள்ளிருந்தே கட்டையோடு பின்னிப் பிணைந்து வரும். இந்தத் துளிர்கள் மேலோட்டமாக ஒட்டியிருப்பவை. நாலைந்து வருஷத்தில் கனம் கூடியதும், முதல் பெருங்காற்றில் பிய்ந்துகொண்டு வரும், அதுவும் அடியில் நிற்கும் வண்டிமேல். கிளையைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால், அதன் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கும் பக்கக் கிளை வரை குறையுங்கள். ஒரு வருஷத்தில் கால்வாசி இலைக்கு மேல் எடுக்க வேண்டாம். புதுத் தளிர் விடும் சமயத்தில் தொடவே வேண்டாம், சேமிப்பெல்லாம் அப்போதுதான் செலவாகியிருக்கும். காய்ந்த கிளையை எப்போதும் எடுக்கலாம்.

இதுவரை சொன்னது எதுவும் தென்னைக்கும் பனைக்கும் பொருந்தாது. உள்ளே வைரம் உடையது மரம், வெளியே வைரம் உடையது புல் என்று தொல்காப்பியம் மரபியல் பிரித்திருப்பது வெறும் பெயர் விளையாட்டு இல்லை. தென்னந்தண்டில் பட்டைக்கடியில் வளர்திசு வளையமே கிடையாது. நீரும் உணவும் போகும் நார்க்கட்டுகள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. அதனால் இதற்குப் பருக்கவும் தெரியாது, காயத்தைப் போர்த்தவும் தெரியாது. ஏறுவதற்காக வெட்டிய படி, சாகும்வரை திறந்த காயம். வறட்சியில் சிறுத்துப்போன இடம், பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் இடுப்பு ஒடுங்கியே நிற்கும். உயிர் முழுக்க உச்சியில் உள்ள ஒரே குருத்தில். தென்னையைத் தாக்கும் சிவப்புக் கூன்வண்டு தேடி வருவது புதுக்காயத்தின் வாசனையைத்தான். பச்சை மட்டையை வெட்டாமல் இருப்பது நல்லது. வெட்டியே தீர வேண்டுமென்றால் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர் விட்டு வெட்டச் சொல்வது, வெட்டுவாய் வழியாக நுழைந்த கூன்வண்டுப் புழு தண்டை எட்டக் கூடாது என்பதற்காக.

இனி மண்ணுக்குக் கீழே. மேலே எவ்வளவு உயரமோ கீழே அவ்வளவு ஆழம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வளர்ந்த மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டடி மண்ணில்தான் இருக்கும். உணவெடுக்கும் சல்லிவேர் அதிலும் மேலே, முதல் ஓரடியில். ஆழத்துக்குப் பதிலாக அகலம்: நிழல் விழும் எல்லையையும் தாண்டி வேர் ஓடியிருக்கும். காரணம் காற்று. வேரும் மூச்சுவிடும். நல்ல மண்ணில் பாதிதான் மண், மீதிப் பாதி சந்துபொந்து. அதில் தண்ணீரும் காற்றும் பாதிக்குப் பாதி. கான்கிரீட் போட்டாலும் வண்டி நிறுத்தி இறுக்கினாலும் முதலில் தொலைவது அந்தச் சந்துகள்தான்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. சாலையோரத்தில் வேரோடு சாய்ந்த மரங்கள் பலவற்றின் அடியில், நடைபாதைக் குழியின் அளவுக்கே சுருங்கிய சிறு மண்கட்டிதான் ஒட்டிக்கொண்டிருந்தது. மழைநீர் வடிகாலுக்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டும்போது ஒரு பக்க வேரைச் சீவிவிட்டால், கூடாரத்தின் ஒரு பக்கக் கயிற்றை அறுத்தது போலத்தான்.

பள்ளம் எவ்வளவு தூரம் தள்ளி இருக்க வேண்டும்? கணக்கு எளிது. மார்பளவு உயரத்தில் மரத்தின் சுற்றளவை ஒரு கயிற்றால் அளந்துகொள்ளுங்கள். தண்டிலிருந்து அந்தக் கயிற்றின் நாலு மடங்கு தூரம் வரை வேர்க்காப்பு எல்லை. அதற்குள் ஜேசிபி வரக் கூடாது, மண் கொட்டக் கூடாது. ஒரு கயிற்று நீளத்துக்குள் இருப்பவை மரத்தைத் தாங்கிப் பிடிக்கும் வேர்கள், அங்கே கடப்பாரையே படக் கூடாது. சுற்றளவு ஒரு மீட்டர் என்றால் நாலு மீட்டர், ஒரு மீட்டர். குழாய் போயே ஆக வேண்டுமென்றால் வேருக்கு அடியில் துளையிட்டுக் கொண்டுபோகலாம்.

மண்ணை வெட்டுவது போலவே மண்ணை ஏற்றுவதும் ஆபத்து. நலமாக உள்ள மரத்தின் தூர், மண்ணைத் தொடும் இடத்தில் யானைக்கால் போல விரிந்திருக்கும். தூண் நட்டது மாதிரி நேராக மண்ணுக்குள் இறங்கினால், தூர் புதைந்துவிட்டது என்று அர்த்தம். தண்டுப் பட்டை உலர்ந்திருக்கவே அமைந்தது. ஈரமண் மூடினால் அழுகும். மேடை கட்டி இரண்டடி மண் நிரப்பினாலும் அரசும் ஆலும் பிழைப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அவற்றுக்குத் தண்டிலிருந்தே புது வேர் விடத் தெரியும். வேம்புக்கும் மாவுக்கும் அது அவ்வளவு எளிதில் வராது.

2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லி மரங்களுக்காகப் பிறப்பித்த உத்தரவு, மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. உங்கள் தெருவில் செய்வதானால் உளியும் சுத்தியலுமே போதும். துண்டு துண்டாக உடைத்துக் கையால் எடுங்கள். தூரைப் புதைத்த மண்ணைக் கைக்கொத்தால் மெல்ல விலக்கி, வேர் விரியும் இடம் தெரிந்ததும் நிறுத்துங்கள். அதற்குப் பிறகு மூன்று நாலு விரல் கனத்துக்குச் சருகு மூடாக்கு, தண்டை ஒட்டாமல் ஒரு சாண் விட்டு. தண்ணீரைத் தூரில் கொட்ட வேண்டாம். நிழலின் ஓரத்தில் மெதுவாக இறங்கட்டும்.

புது மரம் நடுபவர்களுக்கு இன்னும் சுலபம், தவறே நடக்காமல் பார்த்துக்கொள்ளலாம். பையில் வெகுநாள் இருந்த கன்றின் வேர் வட்டமாகச் சுருண்டிருக்கும். அப்படியே நட்டால் பதினைந்து வருஷம் கழித்து அந்த வேரே பருத்துத் தன் தண்டை நெரிக்கும். பையைக் கிழித்ததும் வேர்க்கட்டியின் பக்கவாட்டில் மூன்று நாலு இடத்தில் மேலிருந்து கீழாக அரை அங்குல ஆழத்துக்குக் கீறிவிடுங்கள். குழி ஆழம் வேர்க்கட்டியின் உயரம் போதும், அகலம் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு வேண்டும். ஆழமாகத் தோண்டி நிரப்பினால் மண் அமுங்கி, கன்று உள்ளே இறங்கித் தூர் புதைந்துவிடும். ஊன்றுகோலோடு இறுக்கிக் கட்டாதீர்கள். காற்றில் ஆடும் தண்டுதான் பருக்கும், வேரை இறுக்கும். தண்டின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் பழைய துணியை எட்டு போலத் தளர்வாகச் சுற்றி, ஒரு வருஷத்தில் அவிழ்த்துவிடுங்கள். இரும்புக் கூண்டை, தண்டுக்கும் கம்பிக்கும் இடையில் நாலு விரல் நுழையும்போதே கழற்றி அடுத்த கன்றுக்கு வைத்துவிடலாம்.