விசிறியைக் கேட்டுவிட்டுத் துளை போடுங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு, கூரைக்கு அடியில் இன்னொரு பொய்க்கூரையாக ஃபால்ஸ் சீலிங் போட்டு முடித்த அன்று மாலை, அதில் துளை போட்டுப் பதித்த எட்டு விளக்குகளையும் ஒன்றாக எரியவிட்டோம். கல்யாண மண்டபம்போல இருந்தது. பிறகு அம்மா விசிறியைப் போட்டார். சுவரெல்லாம் துடிக்கத் தொடங்கியது. கையிலிருந்த செய்தித்தாளின் மேல் நிழல் படபடவென்று ஓடியது. “விளக்கு இருக்கட்டும், இல்லையென்றால் விசிறி இருக்கட்டும், இரண்டும் சேர்ந்து வேண்டாம்” என்று சொல்லிவிட்டு அம்மா வராந்தாவுக்குப் போய்விட்டார். மே மாதத்துச் சென்னையில் விசிறியை விட்டுக்கொடுக்க யாரால் முடியும்?

தவறு என்னுடையதுதான். விசிறிக்கு இரண்டு பக்கமும் ஒன்றரை அடித் தொலைவில் இரண்டு விளக்குகள் அழகாக இருக்கும் என்று துளை போடச் சொன்னவன் நான். வீட்டு வடிவமைப்புப் படங்களில் அப்படித்தான் இருந்தது. அந்தப் படங்களில் விசிறியே இல்லை என்பதை அப்போது கவனிக்கவில்லை.

விசிறிக்கு மூன்று இறக்கைகள். நிமிடத்துக்கு 350 சுற்று என்று வைத்துக்கொண்டால், மேலிருந்து வரும் ஒளியை அவை நொடிக்குப் பதினேழு பதினெட்டு தடவை வெட்டுகின்றன. நொடிக்கு நூறு தடவை துடித்தால் கண் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஆனால் பத்துக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட துடிப்பு கண்ணை மிகவும் உறுத்தும். விசிறி சரியாக அந்த இடத்தில்தான் சுற்றுகிறது. பழைய டியூப் லைட்டில் இந்தத் தொல்லை இருந்ததே இல்லை. அது சுவரில் இருந்தது. அதன் ஒளி நம்மிடம் வர இறக்கைகளைத் தாண்ட வேண்டியதில்லை. விளக்கைக் கூரைக்குள் ஏற்றியபோதுதான் விசிறி நடுவில் வந்து நின்றது.

எவ்வளவு தள்ளி வைத்தால் போதும் என்பது பள்ளிக்கூட முக்கோணக் கணக்கு. 48 அங்குல விசிறி நடுவிலிருந்து 2 அடி வரை வீசும். இறக்கை சீலிங்கிலிருந்து ஓர் அடி கீழே இருக்கிறது என்று கொள்வோம். விளக்கின் ஒளி கூம்பாக விரிகிறது. அட்டைப்பெட்டியில் 60 டிகிரி என்று போட்டிருந்தால், ஓர் அடி கீழே இறங்குவதற்குள் அந்தக் கூம்பு பக்கத்துக்கு 7 அங்குலம் விரிந்திருக்கும். ஆக, விசிறியின் நடுவிலிருந்து குறைந்தது 2 அடி 7 அங்குலம் தள்ள வேண்டும். கூம்புக்கு வெளியேயும் மங்கலாக ஒளி கசியும் என்பதால் 3 அடி என்று வைத்துக்கொள்வது நல்லது. இதே இடத்தில், வெள்ளை மூடி போட்ட 120 டிகிரி பேனல் லைட் என்றால் விரிவு 1 அடி 9 அங்குலம். அப்போது ஏறத்தாழ நாலு அடி தள்ள வேண்டும்.

வடசென்னையில் பல அறைகள் பத்து அடி அகலம்தான். நடுவிலிருந்து சுவர் வரை 5 அடி. மூன்று அடியில் விளக்கு வைத்தால் சுவருக்கு இரண்டு அடி மிஞ்சும், ஒளி சீராகப் பரவும். நாலு அடியில் வைத்தால் சுவரை ஒட்டிவிடும், சுவரின் மேற்பகுதியில் பிறைபிறையாக ஒளி விழும். சிலருக்கு அது அலங்காரம். எனக்கு அது பூசுகாரர் விட்டுப்போன மேடுபள்ளத்தை எல்லாருக்கும் காட்டும் விளக்கு.

அடுத்தது சூடு. எல்இடி சூடாகாது என்று கடையில் சொல்வார்கள். பாதி உண்மை. உள்ளே போகும் மின்சாரத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் ஒளியாகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். பழைய குண்டு பல்பு தன் வெப்பத்தை ஒளியோடு சேர்த்து அறைக்குள்ளேயே வீசியது. எல்இடியின் வெப்பமோ பின்பக்கமாக, அலுமினியத் தகட்டின் வழியே சீலிங்குக்கு மேலே போகிறது. மேலே காத்திருப்பது பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம். அந்த வெயில் தளத்தின் அடிப்பக்கம் வந்துசேரச் சில மணி நேரமாகும். நாம் விளக்கைப் போடும் நேரமும் தளம் உள்பக்கமாகக் கொதிக்கும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. விசிறிக் காற்று அந்த இடைவெளிக்குள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

இதில் முதலில் சாவது பெரும்பாலும் எல்இடி அல்ல, அதற்கு மின்சாரம் ஊட்டும் டிரைவர். அதற்குள் இருக்கும் திரவம் நிறைந்த கெப்பாசிட்டர், பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுளில் ஏறக்குறைய பாதியை இழக்கும். 105 டிகிரியில் 5,000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட ஒன்று, 65 டிகிரியில் 80,000 மணி நேரம் தாங்கும். 85 டிகிரியில் 20,000 மணி நேரம்தான். மொட்டைமாடியில் வெள்ளை கூலிங் டைல்ஸ் பதிப்பது அறைக்கு மட்டுமல்ல, டிரைவருக்கும் நல்லது. அந்த டிரைவரைத் துளை வழியாகவே வெளியே இழுக்கும்படி வயரில் கொஞ்சம் நீளம் விட்டுவைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பழுதான அன்று சீலிங்கை உடைக்க வேண்டியிருக்கும்.

காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு உப்பும் சேர்ந்துகொள்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிடும். கடலோர இரவுகளில் அது சர்வசாதாரணம். விளக்கைச் சீலிங்கில் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் கிளிப்பின் மேல் அந்த உப்புநீர் மெல்லிய படலமாகப் படிந்து அரிக்கிறது. இரும்புக் கிளிப்பாக இருந்தால் துருப்பிடித்து, ஒருநாள் விளக்கு வயரில் தொங்கும். அங்கெல்லாம் துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்புக்கு நாலு காசு கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை.

சமையலறையில் செய்யும் பொதுவான பிழை, விளக்கை அறையின் நடுவில் வைப்பது. மேடைமுன் நிற்பவரின் முதுகில் ஒளி விழும், கத்திமேல் அவருடைய நிழல் விழும். மேடையின் முன்விளிம்புக்கு நேர்மேலே, சுவரிலிருந்து இரண்டு அடியில் இருந்தால் நிழல் பின்னே போய்விடும். ஆனால் எங்கள் வீட்டில் மீனை மேடையில் யாரும் நறுக்குவதில்லை. தரையில் அரிவாள்மனை போட்டு உட்கார்ந்துதான் வஞ்சிரம் துண்டாகும். அந்த இடத்துக்கென்று தனியாக ஒரு விளக்கு வைத்தோம். எந்த வடிவமைப்புப் படத்திலும் அது இல்லை.

ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் மிஞ்சியிருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் கூரையைத் துளைக்கவே கூடாது. தேக்கு விட்டங்களுக்கு இடையே சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக, சுண்ணாம்புச் சாந்தில் ஒன்றையொன்று நெருக்கிக் கட்டிய கூரை அது. ஒன்றை நகர்த்தினால் பக்கத்துக் கல்லும் தளரும். அதன் அடியில் ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடினால் கரையான் வருவதும் தெரியாது, ஒழுகுவதும் தெரியாது. உள்ளே பதிக்காமல் வெளியே பொருத்தும் மேற்பரப்பு விளக்கை விட்டத்தின் பக்கவாட்டில் வைப்பதே அங்கே சரி.

எங்கள் வீட்டில் அந்த இரண்டு துளைகளையும் ஜிப்சம் துண்டு வைத்து அடைத்துப் பட்டி பார்த்து வெள்ளையடித்தாயிற்று. பகலில் தெரியாது. மாலையில், சன்னல் வழியே வரும் வெளிச்சம் சீலிங்கைச் சாய்வாகத் தடவும்போது மட்டும், இரண்டு வட்டங்கள் நிலாப்போல எழுந்துவரும். அம்மா அந்த நேரம் பார்த்து விசிறியைக் கூட்டி வைப்பார்.