வைப்ராட்டோ: சுர அசைவு

மட்டக்களப்பில் லீட் கிட்டார் பழகும் பொடியன்மாரின் பேச்சு முழுக்க வேகம் பற்றித்தான். ஆனால் எவ்வளவு வேகமாக ஓடி வந்தாலும், கடைசிச் சுரத்தில் நிற்கும்போதுதான் வாசிப்பவரின் தரம் தெரியும். நின்ற சுரம் செத்துப்போகாமல் பிடித்து அசைப்பதற்குப் பெயர் வைப்ராட்டோ.

இது இத்தாலியச் சொல். அதிரச் செய்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. ட்ரெமோலோ வேறு: அதில் ஏறி இறங்குவது ஒலியின் அளவு, வைப்ராட்டோவில் சுருதி. 1954இல் வந்த ஃபென்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மின்கிட்டாரில் சுருதியை அசைக்கும் கைப்பிடிக்கு ட்ரெமோலோ என்று பெயர் வைத்ததால் இரண்டும் இன்றுவரை குழம்பிக் கிடக்கின்றன.

ரொக் கிட்டாரில் இது பெரும்பாலும் கைவேலை. மோதிர விரலால் தந்தியை அழுத்தி, சுட்டுவிரலின் அடியைக் கிட்டாரின் கழுத்தில் முட்டுக்கொடுத்து, பூட்டில் திறப்பைத் திருப்புவதுபோல மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். தந்தி பக்கவாட்டில் இழுபட்டு இறுகும்போது சுருதி கொஞ்சம் ஏறும். தளர்த்தியதும் பழைய இடத்துக்குச் சரியாக வந்து சேர வேண்டும், இல்லையென்றால் அபசுரம். அசைவு தாளத்தோடும் ஒத்துப்போக வேண்டும். இவ்வளவு பயிற்சி கேட்கும் ஒன்றை ‘வெறும் ஃபீலிங்’ என்று சிலர் ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அமெரிக்க ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங், தன் உறவினர் புக்கா வைட்டின் ஸ்லைட் வாசிப்பு (தந்தியின் மேல் குழாயை வழுக்கி வாசிப்பது) கைக்கு வராததால், அந்த ஒலியைத் தேடித்தான் விரலை அசைத்துப் பழகினார். பிறகு ஒரே சுரத்தில் அவரை அடையாளம் காண முடிந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? அதிர்வு இயற்பியலுக்குப் போய்விட்டது. நடுக்கம் என்றால் பயம். கர்நாடக இசையில் சுரங்களை அசைத்து அழகூட்டும் கமகம் பெரிய குடும்பம், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்குவதும் அதற்குள் அடங்கும். பத்துவகைக் கமகங்களில், சுரத்தை நின்ற இடத்திலேயே அசைக்கும் கம்பிதம் மிக நெருக்கம். வீணையின் மெட்டில் (ஃபிரெட்) தந்தியை இழுத்து அசைப்பவருக்கு அது உடனே விளங்கும். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1947இல் பழந்தமிழ் யாழ் பற்றிய ‘யாழ் நூல்’ தந்த மண் இது. அதனால் சிலப்பதிகாரத்துக் கானல்வரி சொல்லும் வார்தல், வடித்தல், உந்தல், உருட்டல் ஆகிய இசைக்கரணங்களில் ஒன்றை எடுத்தாள ஆசை வரும். ஆனால் அவை மெட்டில்லாத யாழில் கை செய்யும் வேலைகள். கிட்டாருக்குக் கொண்டுவந்தால் பொருள் மாறிவிடும்.

என் தெரிவு ‘சுர அசைவு’. எழுதவும் வசதி, “அந்தச் சுரத்த இன்னும் கொஞ்சம் மெதுவா அசைச்சுப் பிடி” என்று பக்கத்திலிருப்பவனுக்குச் சொல்லிக்கொடுக்கவும் வசதி. கர்நாடக இசை படித்தவர்களிடம் கம்பிதம் என்றே சொல்லலாம்.