காரிலிருந்து நட்டுகள் எங்கே போகின்றன?

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய தந்தை வாங்கிய மாருதி 800 இன்றும் ஓடுகிறது. ஆனால் கழுவித் துடைக்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்று குறைந்திருக்கிறது. ஒருமுறை நம்பர் பிளேட்டின் போல்ட், இன்னொருமுறை பேட்டரியைப் பிடித்திருக்கும் பட்டையின் நட்டு, பிறகு சைலன்சருக்கு மேலே இருக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டின் திருகு. எல்லாம் வண்டியோடு வந்த அசல் பாகங்கள். மெக்கானிக் எடுத்துக்கொள்கிறாரோ என்று அவருக்குச் சந்தேகம். வண்டிக்குத் திருஷ்டி என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள்.

பிளாஸ்டிக் கிளிப், ரப்பர் அடைப்பு போன்றவை தொலைவதற்குக் காரணம் எளிது. வெயிலின் புற ஊதாக் கதிர்களும் ஆக்சிஜனும் சேர்ந்து பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுகளை அறுக்கின்றன. கிளிப் நொறுங்கி விழுகிறது. இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரை ஓசோன் வெடிக்க வைக்கிறது. ஆனால் எஃகு நட்டு நொறுங்குவதில்லை, அறுபடுவதும் இல்லை. ஸ்பேனர் போட்டு முறுக்கிய ஒன்று யாரும் தொடாமலே எப்படிக் கழலும்? எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

போல்ட்டின் மேலும் நட்டின் உள்ளும் சுழன்று செல்லும் மரை என்பது உருளையைச் சுற்றி வளைத்த சாய்தளம். நட்டை இறுக்கும்போது போல்ட் உண்மையிலேயே நீள்கிறது. நீண்ட எஃகு பழைய நீளத்துக்குத் திரும்ப முயல்வதால்தான் நடுவிலுள்ள தகடுகள் நெருக்கிப் பிடிக்கப்படுகின்றன. 8 மி.மீ. போல்ட் ஒன்றை 25 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசையில் இறுக்கினால் ஏறத்தாழ ஒன்றரை டன் பிடிவிசை கிடைக்கும். நாம் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுவதற்குப் போகிறது. மீதி முழுவதையும் உராய்வு எடுத்துக்கொள்கிறது. நட்டைக் காப்பதும் அந்த உராய்வுதான். மரையின் சரிவு மூன்று பாகை சொச்சம். அந்தச் சரிவில் நட்டைக் கீழ்நோக்கிச் சுழற்றப் பார்க்கும் முறுக்கு 3 நியூட்டன்-மீட்டர் அளவே; தடுத்து நிற்கும் உராய்வோ 20-க்கும் மேல். கணக்குப்படி நட்டு நகரவே கூடாது.

இங்கேதான் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் வருகிறார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வே அதைத் தளர்த்துகிறது என்று அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். பக்கவாட்டு அசைவே அதைவிடக் கொடியது என்று 1969-இல் அவர் சோதனையில் காட்டினார். இறுக்கிய இரண்டு தகடுகளைக் குறுக்காக முன்னும் பின்னும் மிகச் சிறிதளவு நகர்த்தும் கருவி ஒன்றை அமைத்தார். நன்றாக முறுக்கிய நட்டும் சில நூறு அசைவுகளில் தானாகச் சுழன்று தளர்ந்தது.

காரணம் உராய்வின் குணத்தில் இருக்கிறது. உராய்வு எல்லாத் திசைகளிலும் ஒரே நேரத்தில் காவல் காப்பதில்லை. பொருள் எந்தப் பக்கம் வழுக்குகிறதோ அதற்கு நேர் எதிராக மட்டுமே அது செயல்படும். விரலில் இறுகிய மோதிரத்தை நேராக இழுத்தால் வராது, சுழற்றிக்கொண்டே இழுத்தால் வந்துவிடும். சுழற்சியை எதிர்ப்பதிலேயே உராய்வு முழுவதும் செலவாகி, வெளியே வரும் திசையில் தடுக்க ஆளில்லாமல் போகிறது. நட்டில் நடப்பது இதன் மறுபக்கம். தகடுகள் பக்கவாட்டில் வழுக்கும் அந்தக் கணத்தில், உராய்வின் கவனம் முழுவதும் அந்தத் திசைக்குப் போய்விடுகிறது. சுழலும் திசையில் தடை ஏறக்குறைய மறைகிறது. எப்போதும் காத்திருக்கும் அந்த 3 நியூட்டன்-மீட்டருக்கு அது போதும். நட்டு மயிரிழை அளவு திரும்புகிறது. அடுத்த அசைவில் இன்னும் கொஞ்சம். மாருதி 800-இல் இருக்கும் மூன்று சிலிண்டர் என்ஜின், அதன் கிராங்க் தண்டு ஒவ்வொரு முறை சுற்றும்போதும் முன்பின்னாக ஆட முயலும் இயல்புடையது. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் 1,80,000 ஆட்டம். நட்டைத் திருட வேறு யாரும் வர வேண்டியதில்லை.

அப்படியானால் புது வண்டியில் ஏன் இது நடப்பதில்லை? பிடிவிசை போதுமான அளவு இருக்கும்வரை தகடுகள் வழுக்குவதே இல்லை. வயது அந்தப் பிடியைத் தின்கிறது. மேலே சொன்ன போல்ட் 30 மி.மீ. நீளத்துக்கு இறுக்கப்பட்டிருந்தால் அது நீள்வது 0.06 மி.மீ. மட்டுமே. நம்பர் பிளேட் போன்ற மெல்லிய தகட்டைப் பிடிக்கும் குட்டை போல்ட்டில் இது இன்னும் குறைவு. வாஷருக்கு அடியில் இருக்கும் பெயின்ட் நசுங்கினாலோ, துரு உதிர்ந்தாலோ, நூறில் சில பங்கு மில்லிமீட்டர் இடைவெளி பிறந்து அத்தனை பிடியும் போய்விடும். மறுபடி மறுபடி பெயின்ட் அடித்த பழைய வண்டிகளில் போல்ட்டுகள் அதிகம் தொலைவது இதனால்தான். என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் தேய்ந்திருந்தால் ஆட்டமும் கூடும். நான்கு போல்ட்டில் ஒன்றை மெக்கானிக் மாட்ட மறந்தால் மற்ற மூன்றின் மீது சுமை ஏறி, தகடு வழுக்கத் தொடங்கும். அந்த மறதிதான் அவருடைய குற்றமாக இருக்க முடியும், திருட்டு அல்ல.

திருஷ்டி என்பதை நான் கடுமையாக மறுக்கிறேன். எலுமிச்சையும் மிளகாயும் கட்டிய நிம்மதியில் பிரேக் பகுதியின் போல்ட்டைப் பார்க்காமல் விட்டால் உயிர் போகும். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கும் நாளில், ஸ்பேனர் எடுத்து நட்டுகளையும் ஒரு சுற்றுப் பார்க்கும் வழக்கம் வர வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். யுங்கர் கருவிக்குத் தேவை ஒரு மோட்டார், மையம் விலகிய ஒரு சக்கரம், விசையை அளக்கும் ஓர் உணரி. நம் பாலிடெக்னிக் மாணவர்களே செய்துவிடலாம். பெயர் கவர்ச்சியாக இருக்கும் தலைப்புகளுக்கே ஆய்வு நிதி போவதைப் பார்க்கும்போது, நம் சாலைகளில் நம் வண்டிகளின் நட்டு எப்படித் தளர்கிறது என்று அளக்கவும் கொஞ்சம் பணம் ஒதுக்கலாமே என்று ஏங்குகிறேன்.

வாசகர் என்ன செய்யலாம்? ஸ்பிரிங் வாஷரை நம்ப வேண்டாம். முழுதாக இறுக்கியதும் அது தட்டையாகி வெறும் வாஷராகிவிடுகிறது, பூட்டும் திறன் எதுவும் மிஞ்சுவதில்லை என்று 1990-இல் வெளியான நாசாவின் கையேடே சொல்கிறது. போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, சரியான முறுக்கில் இறுக்கி, நம்பர் பிளேட்டுக்கும் பேட்டரிப் பட்டைக்கும் நைலான் வளையம் பொருத்திய நைலாக் நட்டுப் போடுங்கள். அதுவும் தளரலாம், ஆனால் நைலான் மரையைக் கவ்வியிருப்பதால் கழன்று விழாது. சைலன்சர் அருகே நைலான் சூட்டில் இளகிவிடும், அங்கே முழுவதும் உலோகத்தாலான பூட்டு நட்டு வேண்டும். சென்னை புதுப்பேட்டையில் பழைய அசல் நைலாக் நட்டுகள் கிடைக்கக்கூடும். வாங்காதீர்கள். ஒருமுறை மாட்டிக் கழற்றியதிலேயே அவற்றின் நைலான் வெட்டுப்பட்டுப் பிடி குறைந்திருக்கும். இந்த ஒரு பாகத்தில் மட்டும், பழைய அசலைவிடக் கடையில் வாங்கும் புது நட்டே மேல்.