பாரனெட்: குறுநில மன்னர் அல்லர்

பழைய ஆங்கிலக் கதைகளை மொழிபெயர்ப்பவர் இடறி விழும் சொற்களில் ஒன்று பாரனெட் என்னும் பிரிட்டிஷ் பட்டம். ‘குறுநில மன்னர்’ என்று எழுதிக் கடந்துவிடத் தோன்றும். பிழை. பட்டத்தின் பெயரால் பாரனெட்டுக்கு ஆள ஒரு முழ நிலமும் கிடையாது.

‘பாரன்’ பிற்கால லத்தீனில் வெறும் ‘ஆள்’ என்ற பொருளில் இருந்து, அரசனிடம் நேரடியாக நிலம் பெற்ற பிரபுவைக் குறிக்கும் அளவுக்கு உயர்ந்த சொல். பின்னால் ஒட்டியிருக்கும் ‘எட்’ சிறுமை காட்டும் விகுதி. ஆக, சின்ன பாரன். சொல் 14ஆம் நூற்றாண்டிலேயே புழங்கியது. இன்றைய பட்டம் பிறந்தது 1611 மே 22 அன்று. காரணம் பணமுடை.

அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் தம் குடிமக்களைக் குடியேற்றிக்கொண்டிருந்த இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னருக்கு அங்கே படை நிறுத்தக் காசு வேண்டும். ஆண்டுக்கு 1,000 பவுன் நில வருமானமும், குலச்சின்னம் உடைய தந்தைவழிப் பாட்டனாரும் உள்ளவர் 1,095 பவுன் கட்டினால் பட்டம். அதென்ன 1,095 கணக்கு? 30 வீரர்களுக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 8 பென்ஸ் வீதம் மூன்று ஆண்டுச் சம்பளம். பவுனுக்கு 240 பென்ஸ் என்று பெருக்கிப் பாருங்கள், ஒரு பென்னி பிசகாது. முதலில் பட்டம் பெற்றவர் சர் நிக்கோலஸ் பேக்கன். அல்ஸ்டரின் சிவப்புக் கை இன்றும் பாரனெட்டுகளின் அடையாளம்.

பாரனெட்டின் பெயருக்கு முன்னும் ‘சர்’ வரும். குழப்பம் இங்கேதான். சி.வி. ராமன் 1929இல் பெற்ற ‘சர்’ அவரோடு முடிந்தது. பாரனெட்டின் ‘சர்’ மூத்த மகனுக்கு இறங்கும். அப்படியும் பாரனெட், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபைக்குரிய பிரபு அல்லர். பம்பாய் வணிகர் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் 1857இல் பாரனெட் ஆன பிறகு, பட்டத்துக்கு வரும் வாரிசு தம் பெயரை விட்டு அவர் பெயரையே சூட வேண்டும் என்று தனிச் சட்டமே இயற்றினார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் என்ன ஆவது? 1964க்குப் பின் புதிதாக இப்பட்டம் பெற்றவர் ஒருவரே: மார்கரெட் தாட்சரின் கணவர் டெனிஸ். 1990இல் அறிவித்தார்கள்.

தமிழில் என்ன சொல்வது? வணிகருக்குப் பழந்தமிழ் வேந்தர் தந்த ‘எட்டி’ என்னும் பட்டம் ஆசை காட்டுகிறது. ஆனால் இன்றைய வாசகருக்கு எட்டிக்காயின் கசப்புதான் நினைவுக்கு வரும். என் தேர்வு ‘வழிவழிச் சர்’. முதல் இடத்தில் ‘பாரனெட் என்னும் வழிவழிச் சர் பட்டம்’ என்று எழுதிவிட்டால், பிறகு பாரனெட் என்றே தொடரலாம்.