பூட்டுப் படம் கடைக்காரருக்கு நற்சான்றிதழ் அல்ல

இணையத்தில் பட்டாசு ஆர்டர் செய்து பணத்தைப் பறிகொடுத்துவிட்டு, "பணம் கட்டுற பக்கத்துல பூட்டு போட்டிருந்துச்சே சார்" என்று அலைபேசியை நீட்டுகிறவர்கள், இணைய மோசடி பற்றிப் பயிற்சி நடத்தும் எங்களிடம் இந்தத் தீபாவளிக்கும் வந்தார்கள். அவர்களில் கணினிப் பொறியியல் படித்தவரும் உண்டு என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. (இணையவழியில் பட்டாசு விற்பதையே உச்ச நீதிமன்றம் 2018இல் தடை செய்துவிட்டது என்பது தனிக் கதை.)

உலாவியில் (பிரவுசரில்) தள முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுக்குப் பொருள் ஒன்றே ஒன்றுதான்: உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே செல்லும் தகவலை வழியில் எவரும் படிக்க முடியாது. எதிர்முனையில் இருப்பவர் யோக்கியரா என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. அதற்கான சான்றிதழ் இலவசமாகவே சில நிமிடங்களில் கிடைக்கிறது, மோசடிக்காரரும் வாங்கிக்கொள்கிறார். மக்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றே கூகுள் நிறுவனம் 2023இல் குரோம் உலாவியிலிருந்து பூட்டை எடுத்துவிட்டு வேறு குறியை வைத்தது. உலாவியில் பூட்டு இல்லையென்றால் என்ன, போலிக் கடைகள் தாங்களே ஒரு பூட்டை வரைந்து பக்கத்தில் ஒட்டிக்கொள்கின்றன. அது வெறும் படம் ஐயா, படம்!

இதை மேடையில் எத்தனை முறை சொன்னாலும் கேட்பவர்கள் தலையாட்டிவிட்டுப் போய் மறுபடியும் ஏமாறுகிறார்கள். அதனால் இப்போது பயிற்சிகளில் சொற்பொழிவைக் குறைத்து விளையாட்டைக் கூட்டியிருக்கிறோம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் 2007இலேயே 'ஆன்ட்டி-ஃபிஷிங் ஃபில்' என்ற விளையாட்டை உருவாக்கி, வழக்கமான பயிற்சிக் குறிப்புகளைப் படித்தவர்களைவிட அதை ஆடியவர்கள் போலித் தளங்களைச் சரியாக இனம்கண்டதைக் காட்டினார்கள்.

எங்கள் ஆட்டத்தில் உண்மைக் கடைகளையும் போலிக் கடைகளையும் கலந்து திரையில் காட்டுவோம். காரணம் சொன்னால்தான் மதிப்பெண். சிவகாசி முகவரி போட்டிருக்கும் கடையின் 15 இலக்க ஜிஎஸ்டி எண் தமிழ்நாட்டுக்குரிய 33இல் தொடங்காமல், டெல்லிக்குரிய 07இல் தொடங்குவதைக் கண்டுபிடிப்பவருக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. நல்ல கடையைப் போலி என்பவருக்கு மதிப்பெண் குறையும், ஏனென்றால் எல்லாவற்றையும் சந்தேகிப்பவர் எதையும் கண்டுபிடித்தவராக மாட்டார். நேர்மையாகத் தொழில் செய்யும் சிறு வியாபாரியின் வயிற்றிலும் அவர் அடிக்கிறார். மகளிர் சுய உதவிக் குழுக்களில் எழும் முதல் கேள்வி, பொருள் வந்தபின் பணம் தர வழியுண்டா என்பதுதான். கல்லூரிகளில் இதைக் கேட்பவர் அரிது.

யுபிஐ வழியாகப் பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். கடைக்குப் போகவேண்டிய பணம் யாரோ ஒரு தனிநபரின் பெயருக்குப் போவதாகக் காட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். போலி என்று தோன்றும் தளத்தைக் கண்டால் சிரித்துவிட்டுக் கடந்துபோகாமல், தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் சந்தேகத்துக்குரியவற்றைத் தெரிவிக்கும் பகுதியில் அதன் முகவரியைப் பதிவிடுங்கள். தயவுசெய்து இதை மட்டுமாவது செய்யுங்கள். பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிக்கான உதவி எண் 1930ஐ அழையுங்கள். போலிக் கடைக்காரரிடம் வாட்ஸ்அப்பில் நீங்கள் கெஞ்சிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தப் பணம் நான்கு கணக்குகள் மாறிவிடும்.