ஓட்டுநரும் இயக்கியும்

பாளையங்கோட்டையில் நடக்கும் ஒரு கணினிப் பயிற்சி வகுப்பின் பாடத்தாள்களைத் திருத்தித் தரும் வேலை எனக்கு வாய்த்திருந்தது. ‘மெய்நிகர் பொறியில் கோப்பு முறைமை ஓட்டுநர் பதிப்பு மோதல்களைச் சரிசெய்தல்’ என்ற தலைப்பை முதல் தாளில் கண்டபோது சிரித்துக்கொண்டேன். மூன்றாவது தாளிலும் அதையே கண்டபோது, வண்ணார்பேட்டையில் இரண்டு பேருந்து ஓட்டுநர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறெதுவும் மனத்தில் தோன்றவில்லை.

‘டிரைவர்’ என்பதற்கு நேராகத்தான் இந்த ஓட்டுநரைப் போட்டிருந்தார்கள். அந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்பு சுருக்கமானது. ‘டிரைவ்’ என்ற ஆங்கில வினை ஆடுமாடுகளை முடுக்கி ஓட்டுவதைக் குறித்து, பின்னர் வண்டிக்கும் எந்திரத்துக்கும் வந்தது. கணினியில் ‘டிரைவர்’ என்பது, இயங்குதளம் பொதுவாக இடும் கட்டளையை ஒரு கருவிக்கோ, வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஏற்பாடான கோப்பு முறைமைக்கோ உரிய முறையில் மாற்றிச் சொல்லி வேலை வாங்கும் மென்பொருள்; பழைய துபாஷியின், அதாவது மொழிபெயர்ப்பாளரின், வேலை என்றும் சொல்லலாம். இதற்குத் தமிழில் இயக்கி என்ற சொல் நெடுநாளாகவே புழங்குகிறது. இயங்கு என்பது தன்வினை, இயக்கு என்பது பிறவினை, அதனோடு இகர விகுதி சேர்ந்தால் இயக்கி.

‘ஆங்கிலத்திலும் அது ஆளைக் குறித்த சொல்தானே, ஓட்டுநர் என்றால் என்ன குறை?’ என்று கேட்பவர்கள் விகுதியைப் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தின் அந்த ஈறு ஆளுக்கும் பொருளுக்கும் பொது. தமிழின் ‘நர்’ அப்படியன்று. ஓட்டுநர் என்பதில் இறுதியில் நிற்பது உயர்திணைப் பலர்பாலுக்குரிய ‘அர்’ விகுதி. ஆகவே ‘ஓட்டுநர் நிறுவப்பட்டது’, ‘பழைய ஓட்டுநரை அழிக்கவும்’ என்றெல்லாம் எழுதும்போது, முதல் தொடரில் திணை வழுவும் இரண்டாவதில் கொலைக் குற்றமும் சேர்ந்துவிடுகின்றன. (அதையும் றன்னகரம் போட்டு ‘ஓட்டுனர்’ என்று எழுதுவோரைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை.) ஆளுக்கும் பொருளுக்கும் பொதுவான விகுதி தமிழில் இல்லாமலும் இல்லை. விறகுவெட்டி ஆள், பாக்குவெட்டி கருவி. நம் ஊரில் மம்பட்டி என்று சொல்லும் மண்வெட்டியும் அந்த இகரத்தில்தான் முடிகிறது. அதே வழியில் வந்தவையே துருவியும் செயலியும் உலாவியும். திரைப்படம் எடுப்பவர் இயக்குநர், கருவிக்குள் இருப்பது இயக்கி என்று ஒரே வேரிலிருந்து ஆளையும் பொருளையும் பிரித்துக்காட்டும் ஏற்பாடு ஆயத்தமாக இருக்க, பேருந்து நிலையத்திலிருந்து ஒருவரை அழைத்துவந்து வட்டுக்குள் உட்காரவைப்பானேன்?

திருநெல்வேலிச் சீமையில் மட்டும் எழும் தடை ஒன்று உண்டு. வகுப்பில் ஒருவர், ‘இயக்கின்னா எங்க ஊரு இசக்கியம்மால்லா சார்?’ என்று கேட்டார். நியாயமான கேள்விதான், தெருவுக்கு நான்கு இசக்கிமுத்துகளும் இசக்கியம்மாள்களும் வாழ்கிற ஊர் இது. ஆனால் ஊர்த் தெய்வமான அந்த இயக்கி, யட்சி என்ற வடசொல் தமிழில் கொண்ட வடிவம். சிலப்பதிகாரத்தில் மாதரி பால்மடை கொடுத்துத் திரும்புவது பூங்கண் இயக்கிக்கு. கழுகுமலைச் சமணச் சிற்பங்களில் அம்பிகையும் பத்மாவதியும் இயக்கியரே. உலகை இயக்குபவள் ஆதலால் இயக்கி என்பது பிற்காலத்தார் ஏற்றிச் சொன்ன பொருள். வேர் வேறு, வடிவம் ஒன்று, அவ்வளவே. நம் பேச்சில் அவள் இசக்கியாகிவிட்டதால் குழப்பத்துக்கும் இடமில்லை.

‘மோதல்’ இன்னும் தவறான சொல். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை, அதாவது மெய்நிகர் பொறியை, மென்பொருளாகவே ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸை எடுத்துக்கொள்வோம். வெளிக் கணினி பகிர்ந்த கோப்புறையை உள்ளே திறக்க உதவும் ‘வீபாக்ஸ்எஸ்எஃப்’ என்ற இயக்கி, லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கர்னலில், 2020இல் வெளிவந்த 5.6ஆம் பதிப்பு முதல் கர்னலோடேயே வருகிறது. அதே பெயரில் வேறோர் இயக்கி, மெய்நிகர் பொறிக்குள் நிறுவுவதற்கென்று விர்ச்சுவல்பாக்ஸ் தனியே தரும் ‘கெஸ்ட் அடிஷன்ஸ்’ தொகுப்பிலும் இருக்கிறது. கர்னலின் இயக்கி செயல்பட, கோப்புறையை ஏற்றும் கட்டளை பழைய தொகுப்பிலிருந்து வந்தால், பழைய வடிவத் தரவை ஏற்பதற்கில்லை என்று கர்னல் மறுத்துவிடுகிறது. அங்கே எதுவும் எதன்மீதும் மோதவில்லை. ஒன்று சொல்வது மற்றொன்றுக்குப் பொருந்தவில்லை. அதற்கு முரண் என்ற சொல் போதும். தீர்வும் அப்பெயரிலிருந்தே புலப்படும்: இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய தொகுப்பை நீக்கிவிட்டு லினக்ஸ் வழங்கலே (டிஸ்ட்ரிபியூஷன்) தரும் பொதியை நிறுவலாம். அல்லது வெளியே உள்ள விர்ச்சுவல்பாக்ஸின் பதிப்பும் உள்ளே உள்ள தொகுப்பின் பதிப்பும் ஒன்றாக இருக்குமாறு, ஓடிக்கொண்டிருக்கும் கர்னலுக்கான தலைப்புக் கோப்புகளோடு (ஹெடர்) மறுபடி நிறுவலாம். மோதல் என்று படித்த மாணவரோ விலக்கிவிடுவதற்கு இரண்டு தரப்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

‘கோப்பு முறைமை இயக்கியின் பதிப்பு முரணைத் தீர்த்தல்’ என்று சிவப்பு மையில் எழுதி, ‘நர்’ விகுதி பற்றி அரைப் பக்கம் விளக்கமும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த அணிக்கு அச்சிட்ட தாள் சென்ற வாரம் கைக்கு வந்தது. முரணை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநரையும் எடுத்துவிட்டார்கள்; அந்த இடத்தில் ‘இயக்குநர்’ என்று இருந்தது.